லேசர் வருமுன்பே ஹோலோகிராம் கண்ட டென்னிஸ் காபோர்

ஏ.டி.எம். கார்டின் மூலையில், மருந்து டப்பாவின் மேல், மோட்டார் உதிரி பாகம் வரும் அட்டைப்பெட்டியில் என்று பல இடங்களில் பளபளவென்று ஒரு சின்ன வில்லை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாய்த்தால் நிறம் மாறும். அதற்கு ஹோலோகிராம் என்று பெயர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால்தான் பாதிப் பேர் பேந்தப் பேந்த விழிப்போம்.

அவர் பெயர் டென்னிஸ் காபோர். 1971-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். ஆனால் அவர் முறைப்படி படித்தது பௌதிகம் அல்ல. நம்ம ஆளுதான், எலக்ட்ரிகல்! அவர் வாங்கிய முதல் பட்டத்தின் பெயரே டிப்ளமாதான். ஜெர்மனியில் டிப்ளமா என்றால் நம்முடைய மூன்று வருஷ டிப்ளமா மாதிரி இல்லை, அதைவிடப் பெரிய படிப்பு. இருந்தாலும் பேரு ஒண்ணுதானே என்று நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

காபோர் 1900-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். அப்பா பெர்டாலன் ஒரு சுரங்கக் கம்பெனியின் டைரக்டர். அம்மா பெயர் ஆட்ரியென். மூன்று பையன்களில் இவர்தான் மூத்தவர். வசதியான வீடு. வறுமையில் வாடி வளர்ந்த மேதை என்று எழுதினால் ஆண்டு மலருக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் உண்மை அப்படி இல்லை. பதினைந்து வயதில் அவருக்குப் பௌதிகப் பைத்தியம் பிடித்தது. காலேஜ் போகும்வரை பொறுக்க முடியாமல் கால்குலஸைத் தானே கற்றுக்கொண்டார். குவோல்சன் என்பவர் எழுதிய பௌதிகப் பாடநூல் அன்றைக்கு இருந்தவற்றிலேயே பெரியது. அதை இரண்டே வருஷத்தில் படித்து முடித்தார். தம்பி ஜார்ஜும் இவருமாக வீட்டிலேயே சின்னதாக ஒரு லேப் அமைத்து, எக்ஸ்ரே, கதிரியக்கம் என்று அந்தக் காலத்துப் புதுச் சோதனைகளை எல்லாம் செய்து பார்த்தார்கள். நாம் எம்-டூவில் இன்டக்ரேஷனைப் பார்த்து நடுங்குகிற வயசு அது!

அந்த வயதில் அவர் மனதைப் பிடித்த ஒரு விஷயத்தை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். காப்ரியல் லிப்மன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1891-இல் சாயமே இல்லாமல் கலர் போட்டோ எடுத்துக் காட்டியிருந்தார். பிளேட்டின் முதுகில் பாதரசத்தை நிறுத்தினார். உள்ளே போன ஒளி பாதரசத்தில் பட்டுத் திரும்பி, எதிரே வரும் ஒளியோடு மோதும். அந்த மோதல் பிளேட்டுக்குள்ளே மெல்லிய அடுக்கு அடுக்காகப் பதிந்துவிடும். அந்த அடுக்குகளே பிறகு நிறத்தைத் திருப்பிக் காட்டும். இதற்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. வழக்கமான வெள்ளி உப்பு பிளேட்டோடு நிற்காமல், 1892-இல் டைகுரோமேட் கலந்த ஜெலட்டினிலும் லிப்மன் இதைச் செய்து காட்டினார். ஜெலட்டின் என்றதும் ஐஸ்கிரீம் ஞாபகம் வரும். ஆமாம், அதே ஜெலட்டின்தான்.

பௌதிகத்தில் இவ்வளவு ஆசை இருந்தும் காபோர் என்ஜினீயரிங்கில்தான் சேர்ந்தார். காரணம் நமக்குப் பழகியதுதான். ஹங்கேரியில் பௌதிகம் படித்தவனுக்கு வேலை கிடையாது. நாடு முழுவதும் சேர்த்தே பௌதிகப் பேராசிரியர் பதவி அரை டஜன்தான். வேலை கிடைக்கிற படிப்பாகப் பார்த்துப் படி என்று நம் வீடுகளில் சொல்வது புடாபெஸ்டிலும் இருந்திருக்கிறது. முதல் உலகப் போரின் கடைசியில் பீரங்கிப் படையில் கொஞ்ச நாள், புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச நாள், பிறகு பெர்லின். அங்கே 1924-இல் டிப்ளமா, 1927-இல் டாக்டர் பட்டம். இரண்டும் எலக்ட்ரிகல். அவ்வப்போது மெதுவாக நழுவிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போவார். அங்கே ஐன்ஸ்டீன், பிளாங்க், லாவே எல்லாம் இருந்தார்கள்.

டாக்டர் பட்டத்துக்காக அவர் செய்தது வேகமான கதிர்முனை ஆஸிலோஸ்கோப். எலெக்ட்ரான் கற்றையைக் குவிப்பதற்காக ஒரு காயிலைச் சுற்றி இரும்புக் கவசம் போட்டார். அது நன்றாகக் குவித்தது. காரியம் நடந்தது, அவரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். உண்மையில் அவர் கையில் இருந்தது எலெக்ட்ரானுக்கான லென்ஸ்! காந்தக் காயில் ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்யும் என்ற கணக்கை 1926-இல் ஹான்ஸ் புஷ் என்பவர் வெளியிட்டார். அதே பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் 1931-இல் குனோலும் ரஸ்காவும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் செய்தார்கள். ரஸ்காவுக்கு 1986-இல் அதற்காக நோபல் வந்தது. காபோர் கைக்கு வந்து நழுவியது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அந்த மைக்ராஸ்கோப் பிறகு அவரை விடவே இல்லை.

1927-இல் ஸீமென்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். காட்மியம் விளக்கு ஒன்றைத் தேடிப் போய், அது சரிப்படாமல், உயரழுத்தப் பாதரச விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். குவார்ட்ஸ் குழாய்க்குள் மின்சாரத்தைக் கொண்டுபோக மாலிப்டினம் தகட்டை வைத்து அவர் செய்த சீல், பிறகு லட்சக்கணக்கான தெருவிளக்குகளுக்குப் போனது. ரோட்டில் பச்சை கலந்த வெள்ளையாக எரியுமே மெர்க்குரி லேம்ப், அதன் மூதாதைகளில் ஒன்று. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். காபோர் யூத வம்சம். ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, கொஞ்ச நாள் ஹங்கேரியில் இருந்துவிட்டு, 1934-இல் இங்கிலாந்து போனார். அங்கே வேலையில்லாத் திண்டாட்டம். வெளிநாட்டுக்காரனுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. ரக்பி என்ற ஊரில் பிரிட்டிஷ் தாம்ஸன்-ஹூஸ்டன் கம்பெனி, அவர் செய்துவந்த ஒரு டிஸ்சார்ஜ் டியூபுக்காக ஒப்பந்தம் போட்டு உள்ளே விட்டது. அந்த டியூப் சரியாக வரவில்லை. ஆனால் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் நிலைத்துவிட்டார். 1936-இல் அதே ஊர்ப் பெண் மார்ஜரி பட்லரை மணந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் இன்னொரு சிக்கல். ஹங்கேரிக்காரர் என்பதால் ராணுவ ரகசிய வேலைகள் நடக்கும் பக்கம் அவரை விடவில்லை. பாதுகாப்பு வேலிக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே மற்றவர்கள் ராடார் வேலை செய்ய, இவர் வெளியே தனியாக உட்கார்ந்து யோசித்தார். போர் முடிந்து 1946-இல்தான் பிரிட்டிஷ் குடியுரிமை வந்தது. செய்தித் தொடர்புக் கோட்பாடு பற்றி அதே வருஷம் அவர் வெளியிட்ட கட்டுரையின் கணக்குதான் கருவிழியை வைத்து ஆளை அடையாளம் காணும் முறைக்கு இன்று அடிப்படை. ஆதார் எடுக்கும்போது கண்ணை அகல விரித்துக் காட்டினோமே, அங்கே.

இனி முக்கியமான கட்டம். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அன்றைக்கு அணுவைப் பார்க்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் எட்டவில்லை. எலெக்ட்ரானின் அலைநீளம் போதுமான அளவு சிறியதுதான். லென்ஸ்தான் மட்டம். 4 ஆங்ஸ்ட்ராம் வரை தெளிவாகக் காட்டலாம் என்று கணக்கு சொன்னது, நடைமுறையில் 12 ஆங்ஸ்ட்ராம்தான் வந்தது. அணுக்களைப் பிரித்துப் பார்க்க 2 வேண்டும். லென்ஸைத் திருத்த எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1947 ஈஸ்டர் நாளில் காபோருக்கு வேறு வழி தோன்றியது. டென்னிஸ் கோர்ட் காலியாவதற்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது என்று சொல்வார்கள். லென்ஸ் மட்டமாகவே இருக்கட்டும். படம் கலங்கலாகவே வரட்டும். ஆனால் அந்தக் கலங்கலுக்குள் முழுத் தகவலும் இருக்கிற மாதிரி எடுத்துவிட்டால், பிறகு வெளிச்சத்தை வைத்து அதைச் சரிசெய்துகொள்ளலாமே!

முழுத் தகவல் என்றால் என்ன? இது நம் பிராஞ்ச் பசங்களுக்குச் சட்டென்று பிடிபடும். போட்டோ பிலிம் ஒரு வோல்ட்மீட்டர் மாதிரி. ஒளி எவ்வளவு பலம் என்று மட்டும் சொல்லும். பேஸ் என்ன என்று சொல்லாது. பேஸ் தெரிய வேண்டுமானால் இன்னொரு அலையோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். மெஷின்ஸ் லேபில் ஆல்டர்னேட்டரை பஸ்பாரோடு சின்க்ரனைஸ் செய்யும்போது டார்க் லேம்ப் மெத்தடில் மூன்று பல்பு கட்டுவோம் அல்லவா? இரண்டு சப்ளையும் ஒரே பேஸில் இருந்தால் பல்பு அணைகிறது, விலகினால் எரிகிறது. பல்புக்குப் பேஸ் தெரியாது, ஆனால் இரண்டையும் மோதவிட்டால் பேஸ் வித்தியாசம் வெளிச்சமாக மாறி வெளியே வந்துவிடுகிறது. காபோர் செய்ததும் அதுதான். பொருளிலிருந்து வரும் அலையோடு, எதிலும் படாமல் நேராக வரும் அலையையும் பிளேட்டில் மோதவிட்டார். பிளேட்டில் பதிவது உருவம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத நெருக்கமான கோடுகள். பிறகு அந்த நேர் அலையை மட்டும் பிளேட்டின் வழியே விட்டால், கோடுகள் அதை வளைத்துப் பழைய பொருள் அலையை அப்படியே மறுபடி உண்டாக்கும். கண்ணுக்கு அது நிஜப் பொருளிலிருந்து வரும் ஒளிதான். கிரேக்க மொழியில் ஹோலோஸ் என்றால் முழுமை. அதனால் ஹோலோகிராம்.

யோசனை சரி, வெளிச்சத்துக்கு எங்கே போவது? அலைகள் ஒழுங்காக வந்தால்தான் இந்தக் கோடுகள் நிற்கும். டியூப்லைட், பல்பு எல்லாம் சந்தைக் கூட்டம் மாதிரி, ஆளுக்கொரு பக்கம் போகிற அலை. அன்றைக்கு இருந்ததில் தேவலை என்று சொல்லக்கூடியது உயரழுத்தப் பாதரச விளக்கு ஒன்றுதான். ஸீமென்ஸில் இருபது வருஷம் முன்பு அவர் தேடாமல் கண்டுபிடித்தாரே, அதே இனம்! அதன் அலையும் 0.1 மில்லிமீட்டர் தூரத்துக்குத்தான் ஒழுங்காக வரும். அந்த விளக்கின் ஒளியில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிரித்து, 3 மைக்ரான் ஓட்டை வழியே விட்டார்கள். மிஞ்சிய துளி வெளிச்சத்தில் காபோரும் அவர் உதவியாளர் ஐவர் வில்லியம்ஸும் சில நிமிடங்கள் எக்ஸ்போஷர் கொடுத்து, 1 சென்டிமீட்டர் அளவு ஹோலோகிராம் எடுத்தார்கள். பொருள் எது தெரியுமா? 1 மில்லிமீட்டர் அளவு மைக்ரோ பிலிம். அதில் மூன்று பெயர்கள்: ஹைகன்ஸ், யங், ஃபிரெனல். ஒளி ஒரு அலை என்று நிறுவிய மூன்று பேர். மரியாதை தெரிந்த மனுஷன்!

1948 மே 15-ஆம் தேதி நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. ஆனால் படத்தில் ஒரு தொல்லை. எல்லாவற்றையும் ஒரே நேர்க்கோட்டில் வைக்க வேண்டியிருந்ததால், மீண்டு வரும் உருவத்துக்குப் பின்னாலேயே அதன் இரட்டை ஒன்றும் வந்து நின்று கலக்கியது. 1949 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் காலேஜில் சேர்ந்தார். 1950 முதல் 1953 வரை ஆல்டர்மாஸ்டனில் ஒரு குழுவோடு எலெக்ட்ரானிலேயே ஹோலோகிராம் எடுக்கப் பாடுபட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 1955 வாக்கில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவைத்துவிட்டார்.

நான் இந்த இடத்தில்தான் காபோரை மதிக்கிறேன். வராததை வருகிறது என்று காட்டிப் பணம் கேட்டு ஓட்டிக்கொண்டிருக்கலாம், அவர் அதைச் செய்யவில்லை. எழுத வேண்டியதை எழுதி வைத்துவிட்டுத் தட்டையான டி.வி. டியூப், வேறு வேறு வேலை என்று போனார். 1956-இல் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். அதில் ஹோலோகிராமுக்குப் பெரிய பங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1960-இல் அமெரிக்காவில் மெய்மன் முதல் லேசரை எரியவிட்டார். ஒரே நிறம், ஒரே பேஸ், ஒழுங்காக வரிசையில் நடக்கும் ஒளி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்மெட் லீத் ராடார் படங்களைச் சீராக்கும் வேலையில் இருந்தார். அந்தக் கணக்கு காபோரின் கணக்கு மாதிரியே வந்தது. பிறகுதான் காபோரின் கட்டுரையைக் கண்டார். பாருங்கள், வேலிக்கு வெளியே உட்கார வைத்த ஆளின் யோசனை ராடார் வழியாகவே திரும்பி வந்தது! லீத்தும் ஜூரிஸ் உபாட்நீக்ஸும் நேர் அலையைத் தனியாகப் பிரித்துப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். இரட்டைத் தொல்லை ஒழிந்தது. 1964-இல் வாஷிங்டனில் ஒரு பொம்மை ரயிலின் ஹோலோகிராமைக் காட்டினார்கள். விஞ்ஞானிகளே வரிசையில் நின்று பார்த்து, ரயில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிளேட்டுக்குப் பின்னால் தேடினார்களாம். அதே சமயம் ரஷ்யாவில், லெனின்கிராடில், யூரி டெனிஸ்யூக் வேறு வழியில் போனார். லிப்மன் பாதரசம் நிறுத்திய மாதிரி, பிளேட்டின் இரண்டு பக்கமிருந்தும் ஒளியை மோதவிட்டார். 1962-இல் வெளியிட்டார். அவருடைய ஹோலோகிராமைப் பார்க்க லேசரே வேண்டாம், சாதாரண பல்பு போதும். காபோர் பதினைந்து வயதில் மயங்கிய லிப்மன், சுற்றிக்கொண்டு மறுபடி வந்துவிட்டார்.

இப்போது பிளேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

எங்கள் பௌதிக சாரிடம் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது. அதில் நாணயம் அளவு ஒரு கண்ணாடி வில்லை. உள்ளே கடிகாரப் பல்சக்கரங்கள் தங்க நிறத்தில் மிதக்கும். விரலை வைத்தால் வெறும் கண்ணாடி. இது கார்டில் ஒட்டுகிற பிளாஸ்டிக் வகை இல்லை, டைகுரோமேட் ஜெலட்டின் என்றார். 1968-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஷான்காஃப் அதை ஹோலோகிராமுக்குக் கொண்டுவந்தார். செய்முறை கேட்டால் ஏதோ சமையல் மாதிரி இருக்கும். கண்ணாடியில் ஜெலட்டினை மைக்ரான் கணக்கில் மெல்லிசாகப் பூசி, அம்மோனியம் டைகுரோமேட் கரைசலில் ஊறவைத்து, சிவப்பு விளக்கில் காயவிடுவார்கள். ஜெலட்டின் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். ஆர்கான் லேசரின் நீலப் பச்சை ஒளியில் எக்ஸ்போஸ் செய்து, தண்ணீரில் அலசினால் டைகுரோமேட் கழுவிக்கொண்டு போய்விடும், ஜெலட்டின் உப்பும். உடனே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரைச் சட்டென்று இழுப்பார்கள். அந்த நொடியில்தான் ஒன்றுமில்லாத கண்ணாடியில் உருவம் குபீரென்று வரும். கோட்டுக் கோட்டாக ஒளிவிலகல் எண் மாறியிருக்கும், அவ்வளவுதான். கறுப்பு இல்லை, துகள் இல்லை. நிறை செய்தால் விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உருவத்துக்கே போகும். போர் விமானத்தில் விமானியின் கண்ணெதிரே எண்களைக் காட்டும் கண்ணாடிக்குக்கூட இதைப் பயன்படுத்தினார்கள்.

வெளிச்சம் பட்ட இடத்தில் ஏன் ஜெலட்டின் மாறுகிறது? சார் குரோமியம், பிணைப்பு என்று போர்டில் எழுதினார். எனக்கு அது வீட்டில்தான் புரிந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறினவன் நான். அப்பா பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, டிரம்மில் குரோம் ஏற்றுவார்கள். நீலமாக வரும், வெட் ப்ளூ என்று பெயர். குரோம் நடு வரைக்கும் ஏறிவிட்டதா என்று பார்க்க, ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்கினால் ஏறவில்லை, சுருங்காமல் நின்றால் ஏறிவிட்டது. குரோம் ஏறின தோல் அழுகாது, கொதித்தாலும் கரையாது. ஏறாத தோலைக் கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வஜ்ஜிரம் ஆகும் என்றார் அப்பா. தச்சுப் பட்டறையில் உருக்குகிற பசை. அந்த வஜ்ஜிரத்தைச் சுத்தம் செய்ததுதான் ஜெலட்டின்!

அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றே. தோலுக்குப் போடுவது மூன்று வேலன்ஸி குரோமியம். அது தோல் நார்களைக் குறுக்கே பிடித்துக் கட்டிவிடுகிறது. பிளேட்டில் இருப்பது ஆறு வேலன்ஸி, ஆரஞ்சு நிறம், அது கட்டாது. நீல ஒளி பட்டால் அங்கே மட்டும் மூன்றாக மாறி, அங்கே மட்டும் கட்டும். அப்பாவின் டிரம்மில் தோல் முழுக்கப் பதப்படுகிறது. ஹோலோகிராம் பிளேட்டில் ஒளி பட்ட கோடுகள் மட்டும் பதப்படுகின்றன, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரக்கணக்கான கோடுகள்! இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, ஆரஞ்சு குரோம் பொல்லாதது, கையில் படாமல் பார்த்துக்கோ என்று மட்டும் சொன்னார். அது சரிதான். ஆறு வேலன்ஸி குரோமியம் புற்றுநோய் தரும் விஷம். ராணிப்பேட்டையில் கொட்டிய குரோமேட் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஜெலட்டினும் டைகுரோமேட்டும் ஒளி பட்டால் கெட்டியாகும் என்பது புதுசு இல்லை. 1852-இலேயே ஃபாக்ஸ் டால்பாட் கண்டறிந்தது. அச்சுத் தொழிலில் நூறு வருஷத்துக்கு மேல் புழங்கியது. அப்படியானால் காபோர் ஏன் இதில் எடுக்கவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹோலோகிராமுக்கான வெள்ளி உப்பு பிளேட்டுக்கு வேண்டிய ஒளியைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இதற்கு வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது ஐந்து நிமிஷம் என்று வைத்தால் ஆயிரம் மடங்கு 5000 நிமிஷம், மூன்றரை நாள். அவர் பிளேட் ஹோலோகிராம் பிளேட்டைவிட வேகமானது என்பதால் உண்மையில் இன்னும் அதிகமாகும். அத்தனை நாளும் ஒளியின் அலைநீளத்தில் கால்பங்குகூட எதுவும் அசையக் கூடாது. தெருவில் ஒரு லாரி போனால் முடிந்தது. ஆக, யோசனை 1947-லிருந்து லேசருக்காகக் காத்திருந்தது, பிளேட் 1852-லிருந்தே காத்திருந்தது.

ஒரே குறை, ஈரம். காற்றிலுள்ள ஈரம் புகுந்தால் ஜெலட்டின் மறுபடி உப்பி உருவம் மறைந்துவிடும். அதனால் மேலே இன்னொரு கண்ணாடி வைத்து எபாக்ஸியால் அடைத்துவிடுவார்கள். சாரின் வில்லையில் ஒரு ஓரம் எப்படியோ ஈரம் புகுந்து, அந்தப் பக்கத்துப் பல்சக்கரம் மட்டும் காணாமல் போயிருக்கிறது.

1971-இல் நோபல் பரிசு வந்தபோது காபோருக்கு 71 வயது. இம்பீரியல் காலேஜிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. பரிசு அவருக்கு மட்டும். என் கட்சி என்னவென்றால், மூன்று பேர் வரை கொடுக்கலாம் என்று விதி இருக்கும்போது லீத்தையும் டெனிஸ்யூக்கையும் சேர்த்திருக்கலாம். அவர்கள் இல்லாவிட்டால் காபோரின் கட்டுரை நூலகத்திலேயே தூங்கியிருக்கும். பரிசு உரையில் இவர்கள் எல்லோருடைய வேலையையும் காபோரே விரிவாக எடுத்துச் சொன்னார். அந்த வருஷம் அவரையே ஹோலோகிராமாக எடுத்தார்கள். மனிதன் மூச்சு விட்டாலே கோடுகள் கலைந்துவிடும் என்பதால் பல்ஸ் லேசரால் ஒரு மின்வெட்டு நேரத்தில் எடுத்தது. மேஜைக்குப் பின்னால் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருப்பார். பாதரச விளக்கில் சில நிமிஷம் காத்து மூன்று பெயரை எடுத்தவர், கடைசியில் தானே பிளேட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

பிற்காலத்தில் தொழில்நுட்பம் மனித சமுதாயத்தை எங்கே கொண்டுபோகும் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. 1963-லும் 1970-லும் 1972-லும் அதைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 1974-இல் பக்கவாதம் தாக்கியது. எழுதவும் படிக்கவும் முடியாமல் போயிற்று, பேச்சும் குழறியது. காதும் அறிவும் தெளிவாகவே இருந்தன. எல்லாம் புரிகிறது, பதில் சொல்ல முடியவில்லை. இப்படி நாலரை வருஷம்! 1979 பிப்ரவரி 9-ஆம் தேதி லண்டனில் காலமானார்.

அவர் முதலில் ஆசைப்பட்டது பொம்மை ரயிலும் இல்லை, சாவிக்கொத்தும் இல்லை, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான். அதற்கு லேசர் உதவாது, ஒழுங்காக வரும் எலெக்ட்ரான் கற்றை வேண்டும். கூர்மையான ஊசிமுனையிலிருந்து மின்புலத்தால் எலெக்ட்ரானை உரித்தெடுக்கும் துப்பாக்கி தேறிய பிறகுதான் அது கைக்கு வந்தது. ஜப்பானில் ஹிட்டாச்சி கம்பெனியின் அகிரா டோனோமுரா 1986-இல் எலெக்ட்ரான் ஹோலோகிராம் எடுத்தார். காந்தப் புலம் துளியும் வெளியே கசியாதபடி மூடிய மிகச் சிறிய காந்த வளையம் ஒன்று; அதன் நடு ஓட்டை வழியாகப் போன எலெக்ட்ரான் அலைக்கும் வெளிப்பக்கமாகப் போன அலைக்கும் பேஸ் மாறியிருப்பதை அந்தப் படத்தில் கோடுகளாகவே காட்டினார். காபோர் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது.